போய்விட்டு வருகிறேன் என்றால் வர வேண்டும்

என் மச்சான் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்தது. வெற்றிலை போட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "போய்விட்டு வருகிறேன் கண்ணு" என்று என் மகனின் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினார். மகனுக்கு அப்போது ஐந்து வயது. நானும் தறிக்கூடத்துக்குப் போய்விட்டேன். பொழுது சாய்ந்து வீடு திரும்பியபோது அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். பால் குடிக்கவில்லை. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"மாமா வருகிறேன் என்று சொன்னார். இன்னும் வரவில்லை."

இரவு எட்டரை மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். அழுதுகொண்டே தூங்கினான். "தாய்மாமன் மேல் எத்தனை பாசம் பார்" என்று என் அம்மா கண் கலங்கினார். எங்கள் கண்ணுக்கு அது பாசமாக மட்டுமே தெரிந்தது. மாமன் சொன்ன சொல்லை அவன் சொல்லாகவே எடுத்துக்கொண்டான் என்பது விளங்க இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஊர் சென்னிமலைக்கும் அரச்சலூருக்கும் இடையில், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அப்பா மஞ்சளும் நெல்லும் வைக்கிறார். நான் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுக்கிறேன். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு "வாங்க" என்ற ஒரு சொல்லின் எடை தெரியும். வீட்டுக்கு வந்தவரை எழுந்து நின்று "வாங்க" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது வெறும் மறதியாகக் கருதப்படாது. ஒரு கல்யாணத்தில் தன்னை யாரும் "வாங்க" என்று கேட்கவில்லை என்பதற்காக என் பெரியப்பா ஒரு பங்காளி வீட்டோடு பதினோரு ஆண்டுகள் பேசாமல் இருந்தார். இரண்டு வயதுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்பிடுங்க" என்று கூப்பிடுகிற ஊர் இது. அந்த மரியாதையை நான் நேசிக்கிறேன், இன்றும் நேசிக்கிறேன். ஆனால் அந்த ஊரில்தான், வந்தவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு பிள்ளை எனக்குப் பிறந்தான்.

அவன் பேசத் தாமதிக்கவில்லை. மூன்றரை வயதில் செய்தித்தாளில் தலைப்புகளைப் படித்தான். பேச்சைத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டான். "அப்பா, மின்சாரம் தடைப்பட்டுள்ளது" என்பான். "பாட்டி வருகை தந்துள்ளார்" என்பான். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "ங்க" சேர்க்காமல் ஒரு வாக்கியம் முடியாத வீட்டில் அவன் மட்டும் புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தான். நான்கு வயதுவரை ஊரே அதைக் கேட்டு மகிழ்ந்தது. தறிக்கு வருகிறவர்கள் அவனைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஆறு வயதானதும் அதே பேச்சுக்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள்.

1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். பெரியவர்களைப் போன்ற பேச்சு, ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, மற்றவர்களோடு பழகுவதில் பெரும் தடுமாற்றம். அப்படிப்பட்ட பிள்ளைகளைச் சின்னப் பேராசிரியர்கள் என்றார். அதைப் பின்னாளில் படித்தபோது, எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், நின்று மின்தடையை அறிவித்த பையன்தான் என் கண்முன் வந்தான்.

அவனை நான் அடித்ததையும் எழுத வேண்டும். அவனுக்கு ஏழு வயது. பெரியப்பா மகன் புது வீடு கட்டிக் குடிபோனார். மதியப் பந்தி முடிந்ததும் பெரியப்பா என் மகனை அருகில் அழைத்து, "வீடு எப்படி இருக்கிறது சாமி?" என்று கேட்டார். அவன் வீட்டை முழுவதும் சுற்றிப் பார்த்திருந்தான். "கழிவறைக் கதவு சரியாக மூடவில்லை. மாடிப்படிச் சுவரில் மூன்று விரிசல்கள் உள்ளன. அவற்றில் ஒன்று பெரியது" என்றான். நாற்பது பேர் இருந்தார்கள். நான் எழுந்து போய் அவன் கன்னத்தில் அறைந்தேன்.

அன்று இரவு அவன் என்னிடம் வந்தான். முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைக் கேட்கிற மாதிரி கேட்டான். "பொய் சொன்னால் அடிப்பேன் என்று சொன்னீர்கள். இன்று உண்மை சொன்னேன். எதற்கு அடித்தீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான், இவனிடம் கோளாறு தேடுவதை விட்டு, இவன் உலகத்தை எப்படிக் கேட்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது. அதற்கு முன்பு இரண்டு மருத்துவர்களைப் பார்த்திருந்தோம். ஒருவர், ஒற்றைப் பிள்ளை என்பதால் செல்லம் கூடிவிட்டது என்றார். இன்னொருவர் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

2019இல் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் மூன்று முறை வரச் சொன்னார். எங்களிடம் ஒன்றரை மணி நேரம் பேசினார். அவனோடு அதைவிட நீண்ட நேரம் இருந்தார். கடைசியில் ஆட்டிசம் என்று எழுதினார். நான் நம்பவில்லை. ஆட்டிசம் என்றால் பேசாத பிள்ளை என்று நினைத்திருந்தேன். இவன் ஓயாமல் பேசுகிறானே என்றேன். "சில ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் என்று எழுதியிருப்பேன்" என்றார் அவர்.

அந்தப் பெயரின் கதையை நான் பிறகு தேடிப் படித்தேன். ஆஸ்பெர்கர் எழுதியது ஜெர்மன் மொழியில் நெடுங்காலம் கிடந்தது. 1981இல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர்தான் அதை எடுத்துப் பேசி, அந்தப் பெயரைப் பரப்பினார். அவருடைய மகளுக்கும் ஆட்டிசம் இருந்தது. 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனி நோய்ப்பெயராக ஏறியது. 2013இல் அதே கையேடு அதைத் தனியாக வைக்காமல் ஆட்டிசம் என்ற பெருங்குடைக்குள் சேர்த்துவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அப்படியே செய்தது. எங்கே பழைய பெயர் முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று ஒரே பிள்ளையைப் பார்த்த இரண்டு மருத்துவர்கள் ஒரே முடிவுக்கு வர முடியாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

நான் சில காலம் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டிசம் என்றால் உறவினர்கள் முகம் மாறும். ஆஸ்பெர்கர் என்றால் அறிவாளிப் பிள்ளை என்ற நினைப்பு வரும். அந்த வசதி எனக்குத் தேவைப்பட்டது. பிறகு இன்னொன்றைப் படித்தேன். 2018இல் ஹெர்விக் செக் என்ற ஆஸ்திரிய வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களை வெளியிட்டார். நாஜி ஆட்சிக் காலத்தில் ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை வியன்னாவின் ஆம் ஷ்பீகல்கிரண்ட் என்ற மருத்துவமனைக்கு அனுப்பப் பரிந்துரைத்திருக்கிறார். ஊனம் உள்ள குழந்தைகளைக் கொன்ற இடம் அது. 1940 முதல் 1945 வரை அங்கே 789 குழந்தைகள் இறந்தார்கள். என் மகனை அறிமுகப்படுத்த அந்த மனிதரின் பெயரை இனி நான் எடுக்க வேண்டியதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அந்தப் பெயரைத் தங்கள் அடையாளமாகச் சுமக்கிற பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை. நான் என் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது பாதி உண்மைதான். முதல் எட்டு ஆண்டுகள் பழி முழுவதும் அவள் தலையில் விழுந்தது. வளர்ப்பு சரியில்லை, பிள்ளையைக் கீழே இறக்கிவிடாமல் வைத்திருந்தாள், கர்ப்பமாக இருக்கும்போது அழுதாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்னவர்களில் பெரும்பாலோர் என் பக்கத்து உறவுகள். நான் குறுக்கே பேசவில்லை. 1950, 60களில் அமெரிக்காவிலேயே படித்த மருத்துவர்கள், தாயின் பாசம் குளிர்ந்துபோனதால் ஆட்டிசம் வருகிறது என்று சொல்லித் தாய்மார்களைச் சிதைத்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அந்த வாதத்தை உடைத்தார்; அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன். மூளை வளரும் விதத்தில், பெரும்பாலும் பரம்பரையில் வேர் கொண்ட ஒன்று இது என்று இன்று தெரியும். மருத்துவர் இதை எங்களிடம் சொன்னபோது என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அந்த வார்த்தையை அவளிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்களை அதிகம் குழப்பியது அதுதான். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்குவான். எதிர்வீட்டில் பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஆனால் எட்டுத் தறியும் ஓடுகிற என் கூடத்தில் வந்து மணிக்கணக்கில் அமைதியாக நிற்பான். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் காதருகே கத்த வேண்டிய இடம் அது. இங்கே தாங்குகிறவன் அங்கே தாங்க மாட்டானா, எல்லாம் நடிப்பு என்று என் அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். விளக்கம் அவனிடமிருந்தே வந்தது. "தறியில் அடுத்த சத்தம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். குக்கர் சொல்லாமல் கத்துகிறது."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எங்கள் வீட்டையே மாற்றினோம். குக்கர் வைக்கும்போது அவனிடம் சொல்லிவிடுகிறோம். மிக்ஸி போடுவதற்கு முன் குரல் கொடுக்கிறோம். வெளியூர்ப் பயணம் என்றால் இரண்டு நாள் முன்பே தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டுகிறோம்: எத்தனை மணிக்குப் புறப்பாடு, யார் யார் வருவார்கள், எங்கே சாப்பாடு, எப்போது திரும்புவோம். மாறினால் மாறியது என்று எழுதுகிறோம். ஐந்து நிமிடம் என்று சொன்னால் ஐந்து நிமிடம்தான். "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லி அரை மணி நேரம் கழித்துப் போகிற பழக்கத்தை நான் விட்டேன். தறிக்கூடத்துக்கு வரும்போது மட்டும் காதடைப்பான் கட்டாயம். அங்கே சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அவன் காது கெட விட முடியாது. அதே காதடைப்பான் இப்போது கல்யாண மண்டபங்களுக்கும் கூடவே வருகிறது.

காதடைப்பான் இல்லாத காலத்தில் பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ஒலிபெருக்கி, வீடியோ விளக்கு, பூ வாசனை, தெரியாத கைகள் கன்னத்தைக் கிள்ளுவது என்று எல்லாம் சேர்ந்து ஒரு கட்டத்தில் அவனால் முடியாமல் போய்விட்டது. பந்தி மேசைக்கு அடியில் புகுந்து தலையைத் தரையில் இடித்துக்கொண்டு கத்தினான். ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் திருநீறு போட்டார், ஒருவர் இரண்டு போடு போடச் சொன்னார். பிடிவாதம் பிடிக்கிற பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழும். கேட்டது கிடைத்தால் நிற்கும். இது வேறு. இந்த நேரத்தில் அவன் எதையும் கேட்பதில்லை, எதைக் கொடுத்தாலும் நிற்காது. கூட்டத்தை விலக்க வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், பேச்சை நிறுத்த வேண்டும், அவன் அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். புத்தி சொல்ல வேண்டியதை மறுநாள் சொல்லலாம். பெரும்பாலும் மறுநாள் சொல்ல எதுவும் இருப்பதில்லை. அவனுக்கு நம்மைவிட அதிக வெட்கமாக இருக்கும்.

பள்ளியில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஏதோ குறுக்கே கேள்வி கேட்டதற்காக ஆசிரியர் "வெளியே போய் நில்" என்றார். நின்றான். பாடவேளை முடிந்தது, அடுத்த ஆசிரியர் வந்தார், மதிய உணவு மணி அடித்தது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவன் நின்றுகொண்டே இருந்தான். அவனிடம் கெட்ட வார்த்தையைச் சொல்லிக் கொடுத்து, ஆசிரியரிடம் போய்ச் சொன்னால் நண்பனாகச் சேர்த்துக்கொள்வோம் என்ற பையன்களும் இருந்தார்கள். சொன்னவனுக்குத் தண்டனை கிடைத்தது, சொல்லிக் கொடுத்தவர்களுக்கு வேடிக்கை கிடைத்தது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியே, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. இப்போது படிக்கிற பள்ளியின் வகுப்பாசிரியை, பாடவேளை மாறுவதாக இருந்தால் முந்தின நாள் மாலையே எங்களுக்குப் போன் செய்துவிடுகிறார். அவர் செய்வது அவ்வளவுதான். அதனால் அவன் பள்ளிக்குப் போகிறான்.

சான்றிதழ் வாங்குவதற்கு வீட்டில் பெரிய எதிர்ப்பு இருந்தது. நாளைக்கு எவன் பெண் கொடுப்பான் என்று என் அப்பா கேட்டார். பேரனுக்கு வயது எட்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கும், பள்ளி தட்டிக்கழித்தால் எதிர்த்துப் பேசுவதற்கும் கையில் ஒரு தாள் வேண்டும் என்று சொல்லிப் புரிய வைத்தேன். நம் நாட்டு அளவுகோலில் 40 கேள்விகள் இருக்கின்றன. மொத்தம் 70 மதிப்பெண் வந்தால்தான் ஆட்டிசம் என்று சான்று. இவனுக்கு 84 வந்தது. நன்றாகப் பேசுகிற, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் 70க்குக் கீழே நின்றுவிட வாய்ப்பு உண்டு. அவர்கள் படுகிற பாடு குறைவு என்று அதற்குப் பொருள் இல்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று சொல்லி ஒருவர் நான்கு லட்சம் கேட்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அப்பாவின் மனம் மாறியதற்கு நான் காரணம் இல்லை, தண்ணீர்தான் காரணம். மகனுக்கு ஒன்பது வயதில் அணைகளின் மேல் ஈடுபாடு வந்தது. செய்தித்தாளில் தினமும் வருகிற நீர்மட்டத்தை நோட்டில் எழுதத் தொடங்கினான். மேட்டூர் 120 அடி, பவானிசாகர் 105 அடி, ஆழியாறு 120, அமராவதி 90, திருமூர்த்தி 60 என்று முழுக் கொள்ளளவு உயரத்தை முதல் பக்கத்தில் எழுதிவைத்து, அன்றன்றைய அளவை அதற்கு எதிரே நிரப்பினான். வேறு பேச்சே இல்லை. இந்தப் பித்தைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அவன் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற வீடு அது. நீங்கள் கதவைத் தட்டி உள்ளே போங்கள்" என்றார்.

முதலில் உள்ளே போனவர் என் அப்பா. கீழ்பவானிப் பாசனத்தில் ஏறத்தாழ 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஒரு முறைக்கு ஒற்றைப்படை மதகுகள், அடுத்த முறைக்கு இரட்டைப்படை மதகுகள் என்று பிரித்துத் தண்ணீர் விடுவார்கள். "நம் மதகு ஒற்றையா, இரட்டையா?" என்று பேரன் ஒரு நாள் தானாகப் போய்க் கேட்டான். அதற்கு முன்பு அவன் தன் அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், தானாகப் போய் எதையும் கேட்டதில்லை. அப்பா அவனை வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மதகைக் காட்டினார். பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தபோது தன் அப்பா தண்ணீர் வருவதைப் பார்க்கக் கரையில் காத்திருந்ததைச் சொன்னார். அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு இருவரும் ஆசாரத்தில் உட்காருவார்கள். "இன்றைக்கு எத்தனை அடி சாமி?" என்று அப்பா கேட்பார். அவன் சொல்வான். வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்பதையும் சொல்வான். அப்பா அதை வைத்து எப்போது நாற்று விடலாம் என்று கணக்குப் போடுவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. இருவருமே நோட்டைத்தான் பார்ப்பார்கள்.

தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்று மட்டும் சொல்வது சரியில்லை, மற்றவருக்கும் அவர் மனம் புரிவதில்லை, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். என் அப்பாவுக்கு அவர் யார் என்று தெரியாது. ஆனால் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "இவன் பேசுவது எனக்குப் புரியவில்லை என்று இத்தனை நாள் நினைத்தேன். நான் பேசுவதுதான் இவனுக்குப் புரியாமல் இருந்திருக்கிறது."

"வாங்க" என்ற சொல் மட்டும் மீதி இருந்தது. வற்புறுத்திப் பார்த்தோம், ஆட்கள் வரும் சத்தம் கேட்டாலே அறைக்குள் ஓடினான். பிறகு என் மனைவி ஒரு வழி கண்டாள். நம் ஊரில் வந்தவருக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்போம் அல்லவா, அதை அவன் பொறுப்பாக்கினாள். கண்ணைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம். சொம்பை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும், அவர் குடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடலாம். எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பது தெளிவாக இருந்ததால் அது அவனுக்குப் பிடித்துப்போனது. பதினோரு ஆண்டுகள் ஒரு சொல்லுக்காகப் பேசாமல் இருந்த அதே பெரியப்பா, அவன் நீட்டிய சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார். அவன் காத்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அவனுக்கு இப்போது பதினான்கு வயது. நண்பர்கள் இல்லை. பதினோரு வயதில், அவனுக்கு இருப்பது என்ன என்று நாங்களே உட்கார்ந்து சொன்னோம். "என்னைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களுடைய ஊர் எது?" என்று கேட்டான். ஈரோட்டிலும் திருப்பூரிலும் இருப்பார்கள், நம் ஊரிலேயே யாராவது பெரியவர் தனக்கு இப்படி என்று தெரியாமலே வாழ்ந்துகொண்டிருக்கலாம் என்றேன். யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று சில மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

கார்த்திகையில் மச்சான் வந்திருந்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றார். "கண்ணு, நான் இப்போது ஊருக்குப் போகிறேன். இன்று திரும்பி வர மாட்டேன். தை 3, பூப்பறிக்கும் நோம்பி அன்று காலை பத்து மணிக்கு வருவேன்" என்றார். நம் ஊரில் புறப்படுகிறவர் "போகிறேன்" என்று சொல்லக் கூடாது. என் அம்மா பதறிப்போனார். மகன் தலையை ஆட்டிவிட்டு நோட்டை எடுத்து, அன்றைய நீர்மட்டத்துக்குக் கீழே எழுதிக்கொண்டான்.

தை 3 காலை ஒன்பதரை மணிக்கு மச்சான் எனக்குப் போன் செய்தார். ஊதியூர் அருகே வண்டி பஞ்சர். "நாற்பது நிமிடம் தாமதமாகும் மாப்பிள்ளை. எனக்காக வாசலில் நிற்பான், முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள்" என்றார். சொன்னேன். மகன் நோட்டைத் திறந்து 10.00 என்பதை அடித்துவிட்டு 10.40 என்று எழுதினான். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.